வன்னி மரத்தில் கட்டிய பொதி

எடியேய்,

இன்றைக்கு ஊரெல்லாம் மீன் மணம். நவராத்திரி விரதம் நேற்றோடு முடிந்தது. விடிந்ததும் விடியாததுமாக மீன்காரர் மோட்டார் சைக்கிளில் ஹோர்ன் அடித்துக்கொண்டு ஒழுங்கைக்குள் வந்துவிட்டார். ஒரு மாதம் பட்டினி கிடந்தவர்கள்போல எல்லாப் படலையிலும் ஆட்கள் சட்டியோடு நின்றார்கள். அம்மா மீனும் வாங்கினார்; அது போதாதென்று மேல் தட்டில் ஒளித்து வைத்திருந்த தகர ரின்னை இறக்கிச் சுறாக் கருவாடும் பொரிக்கிறார். அந்த மணம் யன்னலால் என் மேசைக்கு வர, எழும்பி யன்னலைச் சாத்திவிட்டேன்.

கருவாட்டில் ஒரு பிழையும் இல்லை. எனக்குக் கருவாடு என்றால் எவ்வளவு விருப்பம் என்று உனக்குத் தெரியும். சாத்த வைத்தது வேறு ஒன்று. என் மேசையில் நாலாக மடித்த கொப்பித் தாள் ஒன்று கிடக்கிறது. இரண்டு வருடப் பழையது. நடுவில் எண்ணெய் ஊறி, வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணாடிபோல் மறுபக்கம் தெரிகிறது. முகர்ந்தால் இன்னும் மணக்கிறது. மேலே என் பெயர், பத்தாம் வகுப்பு, பிரிவு. அதன் கீழே என் குண்டுக் கையெழுத்தில் ஒரு கட்டுரை: "பண்டிகைகள் நமக்குக் கற்பிப்பவை." தீமை அழிந்து நன்மை வெல்வதைப் பண்டிகைகள் ஆண்டுதோறும் நினைவூட்டுகின்றன என்று எழுதியிருக்கிறேன். ஓரத்தில் சிவப்பு மையில் "மிக நன்று."

இந்தத் தாளை உனக்கும் தெரியும். இதில்தான் நீ கருவாட்டைச் சுற்றினாய். நீ செத்துப்போய் இந்த மார்கழியோடு இரண்டு வருடம். தாள் மட்டும் பத்திரமாக இருந்திருக்கிறது. எங்கே இருந்தது, யார் வைத்திருந்தார்கள் என்று கேட்டால் நீ சிரிப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பாடசாலை நூலகத்தில் மின்விசிறி ஓடாத மூலை நம்முடையது. மற்றவர்கள் வியர்க்கும் என்று வரமாட்டார்கள். அங்கேதான் அந்த நாற்பது பக்கக் கொப்பியைத் தொடங்கினோம். ஒரு நிரலில் பண்டிகை, அடுத்த நிரலில் அதற்குச் சொல்லும் கதை. தீபாவளிக்கு நரகாசுரன் என்று நான் எழுதினால், "இந்தியாவிலை இராமர் வீட்டை வந்த நாளெண்டு விளக்குக் கொளுத்துகினமாம், அதையும் போடு" என்பாய். விசயதசமிக்கு வந்தபோது உனக்கு ஒரே கொண்டாட்டம்.

"பாரடி. ஒரு நாளுக்கு எத்தினை கதை! வட இந்தியாவிலை எங்கடை ஊர்ப் பத்துத்தலை இராசாவைக் கட்டி எரிக்கினம். இஞ்சை அம்மன் குதிரையிலை வந்து வாழையை வெட்டுறா. நடுவிலை பாண்டவர் வன்னி மரத்திலை ஏறி ஆயுதம் எடுக்கினம். பாவம் அந்த நாள், களைச்சுப் போயிருக்கும்."

"மூண்டும் நன்மை வெல்லுறதுதானே," என்றேன் நான், என் கட்டுரைக் குரலில்.

நீ பேனாவை எடுத்து மூன்றாவது நிரல் ஒன்று கீறினாய். தலைப்பு: "ஆர் வெளியிலை?" ஒவ்வொரு கதையிலும் யாரோ ஒருவர் வெளியே நிற்கிறார், அவரையும் எழுதவேண்டும் என்றாய். நிறைய எழுதினாய். ஏகலைவனுக்குப் பண்டிகை நிரலில் எழுத ஒன்றுமே இல்லை. சமய ரீச்சரிடம் போய், "ஏகலைவனுக்கு ஏன் ரீச்சர் ஒரு திருவிழா இல்லை?" என்று கேட்டாய். "உதிலை கொண்டாட என்ன பிள்ளை கிடக்கு?" என்று அவர் சொன்னதையும் அப்படியே கொப்பியில் எழுதினாய்.

மானம்பூ என்று நாம் சொல்லும் விசயதசமித் திருவிழாவின் வரியில் மட்டும் மூன்றாம் நிரலை வெறுமையாக விட்டாய். "உதை நீ எழுது," என்றாய். நான் யோசித்துப் பார்த்தேன். எனக்கு ஒருவரும் தோன்றவில்லை.

வாணி விழாவுக்கு நாடகம் எழுதச் சொன்னபோது நீ அந்த வன்னி மரக் கதையைத்தான் எடுத்தாய். காட்டில் இருந்து வந்த பாண்டவர் ஒரு வருடம் ஒளித்து வாழவேண்டும். ஆயுதங்களை ஒரு வன்னி மரத்தில் பிணம்போலப் பொதி கட்டித் தூக்கிவிடுகிறார்கள். நாற்றத்துக்குப் பயந்து ஒருவரும் கிட்டப் போகமாட்டார்கள். வருட முடிவில் அருச்சுனன் உத்தரன் என்ற இளவரசனை மரத்தில் ஏறச் சொல்கிறான். நான் அரச குலத்தவன், பிணத்தைத் தொடமாட்டேன் என்கிறான் உத்தரன். உண்மையான பிணமும் சேர்த்துக் கட்டியிருந்தது என்று ஒரு புத்தகம்; வெறும் பொதிதான் என்று இன்னொரு புத்தகம். நாம் இரண்டு நாள் சண்டை பிடித்தோம். கடைசியில் நாடகத்துக்கு வெறும் பொதிதான் என்று நீ முடிவெடுத்தாய்.

"ஒரு வருசமா ஊர் மூக்கைப் பொத்திக்கொண்டு போயிருக்கடி. உள்ளை ஒண்டுமில்லை. நாறுதெண்டு ஆரோ சொன்னதுதான் நாறினது."

நீ அருச்சுனன். நான் உத்தரன். என்னால் அருவருப்பை நடிக்க முடியவில்லை. மூக்கைப் பொத்தினால் சிரிப்புத்தான் வந்தது. "மெய்யா நாறினாத்தான் உனக்கு வரும்," என்று நீ சொன்னதும், அடுத்த நாள் எங்கள் வீட்டு ரின்னில் இருந்து பெரிய கருவாட்டுத் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தது நான். நவராத்திரி தொடங்க ஐந்து நாள் இருந்தது. என் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து நீ சுற்றினாய். இரண்டு பொலித்தீன் பையில் போட்டு முடிச்சுப் போட்டாய். ஒத்திகையில் முடிச்சை அவிழ்ப்போம், முடிந்ததும் கட்டிவிடுவோம். எனக்கு அருவருப்பு நன்றாக வந்தது. பிறகு நீ பையைப் பொதியின் அடியில் வைத்து, மேலே துணி போட்டுச் சாக்கு ஊசியால் தைத்து மூடினாய்; வாயைக் கயிற்றால் கட்டினோம். உள்ளே வில், அம்புகள், அடியில் அந்தப் பை. வெளியே உன் அப்பாவின் பழைய வெள்ளை வேட்டி. தைத்ததோடு கருவாட்டை நாம் இருவரும் மறந்துபோனோம்.

ஒத்திகை நாட்களில்தான் உன் வீட்டுக்கு முதல்தரம் வந்தேன். உன் அம்மா என்னை "வாங்கோ பிள்ளை, இருங்கோ" என்று கதிரையைத் துடைத்துப் போட்டார். நீ அதட்டியும் கேட்காமல் கடைக்குப் போய்ச் சோடாப் போத்தல் வாங்கிவந்து, என் கண்முன்னாலேயே மூடியைத் திறந்து தந்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. எங்கள் வீட்டில் சோடா விசேசத்துக்குத்தான். திரும்பி வரும்போது, "உங்கடை வீட்டிலை ஆக்களை நல்லாக் கவனிக்கிறியள்," என்றேன்.

நீ சைக்கிளை நிறுத்தினாய். "விசரி. உது கவனிப்பில்லை. எங்கடை வீட்டுக் கோப்பையிலை நீங்கள் குடிக்க மாட்டியள். மூடின போத்தலெண்டாக் குடிப்பியள். அதுதான் எப்பவும் சோடா."

"நான் குடிப்பன்," என்றேன் உடனே.

"குடிப்பாய், குடிப்பாய். அடுத்தமுறை பாப்பம்."

அன்றைக்குக் காலையில் அம்மா என்னிடம், "அங்கை தண்ணி கிண்ணி குடிச்சிடாதை," என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார். அதை நான் உனக்குச் சொல்லவில்லை. நீ கேட்கவும் இல்லை.

வாணி விழாவுக்கு விருந்தினராக வந்தவர் எங்கள் ஊர் அம்மன் கோயில் சபைத் தலைவர். நாடகம் முடிந்ததும் எழுந்து நின்று கைதட்டினார். "உந்தக் கதை மானம்பூ அண்டைக்குத்தான் நடந்தது. எங்கடை கோயில் மண்டபத்திலை அதே நாளிலை போடவேணும்," என்றார். உன் கையைப் பிடித்துக் குலுக்கி, "ஆற்றை பிள்ளை நீர்?" என்று கேட்டார். நீ அப்பாவின் பெயரைச் சொன்னாய். அவர் கையை விட்டார். சிரிப்பு அப்படியே இருந்தது.

அந்த மண்டபத்துக்கு மாபிள் பதித்தது உன் அப்பாதான். மூன்று மாதம் வெயிலில் முழங்காலில் இருந்து பதித்தார். கும்பாபிசேகம் முடிந்த நாளில் இருந்து அவர் அதில் ஏறக்கூடாது. இது ஊரில் எல்லாருக்கும் தெரியும். யாரும் சாதி என்ற சொல்லை வாயில் எடுப்பதில்லை. "அவையள்" என்றால் போதும்.

மானம்பூவுக்கு முதல் நாள் ரீச்சர் நம் இருவரையும் கூப்பிட்டார்.

"பிள்ளை, நீர் குறை நினைக்காதையும். மண்டபத்திலை ஏறுறதிலை ஒரு சின்னப் பிரச்சினை. நீர் வேம்புக்குக் கீழை நிண்டு வசனம் எடுத்துக் குடும். எழுதினது நீர்தானே, உமக்குத்தான் பெருமை."

"என்ன பிரச்சினை ரீச்சர்?"

"ஆக்கள் கதைப்பினம்."

"என்னத்தை ரீச்சர்?"

ரீச்சர் வரவு இடாப்பை மூடினார். பிறகு என்னைப் பார்த்து, "அருச்சுனன்ரை வசனம் உமக்குப் பாடம்தானே?" என்றார்.

"ஓம் ரீச்சர்," என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. கேட்டவுடன் வாயில் வந்தது அது. வெளியே வந்ததும் நீ வில்லைப் பிடிக்கும் விதம் காட்டித் தந்தாய். "இடக்கையாலை பிடி. இறுக்காதை, கமுகஞ் சலாகை முறியும். அப்பா பதிச்ச கல்லிலை நான் நிக்கக்கூடாதாம். அப்ப கல்லைக் கழட்டித் தரட்டும், எங்கடை குசினிக்குப் போடலாம்." நான் சிரித்தேன். நீ அதைச் சிரிக்கவேண்டும் என்றுதான் சொன்னாய் என்று நினைத்தேன். இன்னொன்றும் எழுதுகிறேன், எழுதாவிட்டால் இந்தக் கடிதம் பொய். அன்றைக்குப் பின்னேரம் கண்ணாடிக்கு முன் நின்று அருச்சுனனாக நடித்துப் பார்த்தேன். எனக்குச் சந்தோசமாக இருந்தது. கதாநாயகப் பாத்திரம் எனக்குக் கிடைத்துவிட்டது என்று சந்தோசம். இதை நினைத்தால் என் தோலையே உரித்துப் போடவேண்டும்போல இருக்கிறது.

அடுத்த நாள் நாலு மணிக்கு மண்டபத்துக்கு முன்னால் வாழையை நட்டு வன்னிக் கொப்புக் கட்டியிருந்தார்கள். அசுரன் என்று அம்மன் வந்து வெட்டப்போகும் வாழை. தலைவர் நம் பொதியைத் தூக்கிப் பார்த்தார்.

"பாண்டவர் வன்னியிலைதானே கட்டினவை. நாங்களும் உதிலையே கட்டுவம். கதையெண்டா அப்பிடியே இருக்கவேணும்!"

ஸ்ரூலில் ஏறி, தன் கையாலேயே கயிற்றைச் சுற்றி, முழங்காலைக் கொடுத்து இறுக்கினார். அப்போதுதான் எனக்குக் கருவாடு ஞாபகம் வந்தது. ரீச்சரைக் கூப்பிட வாயைத் திறந்தேன். ரீச்சர் என் கிரீடத்துக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தார். "தலையை ஆட்டாதையும்," என்றார். நான் வாயை மூடினேன். முடிச்சுப் போட்ட பைதானே, ஒன்றும் ஆகாது என்று நினைத்துக்கொண்டேன். தூரத்தில் வேம்பின் கீழ் நீ தாள்களோடு நின்றாய். உனக்கும் அப்போதுதான் ஞாபகம் வந்திருக்கவேண்டும். இரண்டு கையையும் ஆட்டினாய். எல்லாரும் நீ எனக்கு வாழ்த்துச் சொல்கிறாய் என்று நினைத்தார்கள்.

எனக்குப் பதிலாக உத்தரனாக வந்தது ஆறாம் வகுப்புச் சின்னப்பிள்ளை. "நான் அரச குமாரன். பிணத்தைத் தொட்டு என் கை தீட்டுப்படலாமா?" என்று அவள் சொன்னபோது சனம் கைதட்டியது. நான் உன் வசனத்தைச் சொன்னேன். "அங்கே பிணம் இல்லை, உத்தரா. கேட்டதை நம்பி மூக்கைப் பொத்துகிறாய். ஏறிப் பார்." அவள் ஸ்ரூலில் ஏறிப் பொதியை அவிழ்த்து வில்லை எனக்கு நீட்டினாள். தலைவர் இறுக்கியதில் உள்ளே பை கிழிந்திருந்தது.

"ஐயோ அக்கா, மெய்யாவே நாறுது!" என்றாள் மைக்கில்.

முதலில் எல்லாரும் சிரித்தார்கள். நாடகம் என்று நினைத்தார்கள். பிறகு நாற்றம் முன் வரிசைக்கு வந்தது. அந்த நேரம் அம்மன் குதிரை வாகனத்தில் வீதிக்கு வந்துகொண்டிருந்தா. ஐயர் கையைக் காட்டினார். மேளம் நின்றது. வாழைக்குப் பத்து முழம் இந்தப் பக்கம் அம்மனைத் தோளில் வைத்துக்கொண்டு ஆட்கள் அப்படியே நின்றார்கள்.

தலைவர் பொதியை வெளியே இழுத்துக்கொண்டு போய்ப் பிரித்தார். கருவாட்டைக் காலால் தள்ளினார். சுற்றியிருந்த தாளை விரித்துப் பார்த்தார். பார்த்துவிட்டு மடித்து இடுப்பில் செருகினார். அதை நான் மண்டபத்தில் இருந்து கண்டேன். குப்பையை ஏன் இடுப்பில் செருகுகிறார் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை.

"உவள்தான்!" என்றார் யாரோ. "வெளியிலை விட்டதுக்குப் பழி வாங்கியிருக்கிறாள்."

"உவையளைக் கிட்ட எடுத்தா உப்பிடித்தான்."

நீ வேம்பின் கீழ் இருந்து வந்தாய். என்னைப் பார்த்தாய். ஒரு மூச்சு விடும் நேரம். நான் கிரீடத்தோடும் வில்லோடும் உன் அப்பா பதித்த கல்லில் நின்றேன். 

"பொதி தைச்சது நான்தான்," என்றாய். அது உண்மை. கருவாடு யார் வீட்டது என்பதை மட்டும் விட்டுவிட்டாய்.

உன் அப்பா காலில் சீமெந்தோடு வேலைத்தளத்தில் இருந்து ஓடிவந்தார். சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு, "தெரியாத பிள்ளை, மன்னிச்சுக் கொள்ளுங்கோ," என்று கும்பிட்டார். என் அப்பாவையும் கும்பிட்டார். என் அப்பா வேறு பக்கம் பார்த்தார். வேறு வாழை நட்டு, மஞ்சள் தண்ணீர் தெளித்து, அம்மன் இரண்டு மணித்தியாலம் பிந்தி வெட்டினா. அதற்குப் பிறகு உன் அப்பாவுக்கு எங்கள் ஊரில் வேலை கொடுப்பதை நிறுத்தினார்கள்.

திங்கட்கிழமை நீ நூலக மூலைக்கு வந்தாய். "உங்கடை வீட்டுக் கருவாடு நல்ல சாமானடி. அம்மனே நிண்டு பாத்தவா," என்றாய். நான் அழுதேன். அழுது முடியும்வரை நீ கொப்பியில் எதையோ கீறிக்கொண்டிருந்தாய். பிறகு மெதுவாகக் கேட்டாய்.

"ஏனடி சொல்லேல்லை?"

"பயமாக் கிடந்தது."

"ஓம். எனக்குந்தான்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தக் கதையை நீ எடுக்கவில்லை. நாளைக்குச் சொல்லுவேன், தவணைப் பரீட்சை முடியச் சொல்லுவேன் என்று நான் எனக்குள் தள்ளிக்கொண்டே போனேன். கார்த்திகை மழை பிடித்தது. ஒரு வியாழக்கிழமை, தலை இடிக்கிறது என்று பாதியில் வீட்டுக்குப் போனாய். டெங்கு என்றார்கள். அடுத்த வியாழன் நீ இல்லை. செத்த வீட்டுக்கு வந்தேன். வந்தவர்களுக்கெல்லாம் கோப்பையில் தேத்தண்ணீர் போனது. எனக்கு உன் அம்மா அழுதுகொண்டே சோடா நீட்டினார். வாங்கிக் குடித்தேன்.

இந்த வருடம் நான் உயர்தரம். பாடம் இந்து நாகரிகம். நாலு நாளுக்கு முன் தலைவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். மானம்பூ அன்று "பண்டிகைகளும் பாரதக் கதையும்" என்று நான் பத்து நிமிடம் பேசவேண்டுமாம். அம்மா வடையும் தேத்தண்ணீரும் வைத்தார். அப்பா எதிரே பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். 

"ஐயா, ஒண்டு சொல்லவேணும். அண்டைக்கு அந்தக் கருவாடு எங்கடை குசினியிலை இருந்து போனது. நான்தான் கொண்டு போனனான்."

அவர் வடையைப் பிட்டார். "அது எனக்கு அண்டைக்கே தெரியும் பிள்ளை."

"என்ன?"

"உம்மடை கொப்பித் தாளிலைதானே சுத்திக் கிடந்தது. பேர், வகுப்பு எல்லாம் வடிவா எழுதியிருந்தீர். அப்பாட்டை அப்பவே குடுத்திட்டன். நல்ல குடும்பத்துப் பிள்ளை, பேர் கெட்டுப்போகக் கூடாதெல்லே? நீர் உதுகளை யோசியாமல் படியும். நல்ல கட்டுரை, நானும் வாசிச்சனான்."

சொல்லிவிட்டுச் சட்னியைத் தொட்டுக்கொண்டார். அவர் உதட்டில் மிளகாய் விதை ஒன்று ஒட்டியிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவைப் பார்க்க முடியவில்லை. பேப்பர் அசையவில்லை.

அவர் போன பிறகு, "எங்கை அந்தத் தாள்?" என்று கேட்டேன்.

"உதை ஏன் இப்ப?"

"எங்கை அப்பா?"

அலுமாரியைத் திறந்தார். எங்கள் பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி எல்லாம் வைக்கும் கோவையில் இருந்து எடுத்துத் தந்தார். "உனக்காகத்தான் வைச்சிருந்தனான்," என்றார். "அந்தப் பிள்ளை பிறகு இல்லாமல் போகுமெண்டு ஆருக்குத் தெரியும்?" அம்மா குசினிக்குள் தண்ணீரைத் திறந்துவிட்டார், எங்கள் கதை கேட்காதமாதிரி. அவருக்கும் தெரியும். ரின்னில் ஒரு துண்டு குறைந்தது அவருக்குத் தெரியாமல் இருக்குமா?

கொலைகாரர்கள் ஒளிக்கும் பொருளைப்போல ஒளித்திருந்தால்கூட இவ்வளவு அருவருப்பு வராது. காணி உறுதியோடு வைத்திருந்தார்கள். சொத்தோடு சொத்தாக.

நேற்றுப் பேசினேன். மண்டபத்தில் ஏறமாட்டேன், கீழே நின்று பேசுகிறேன் என்றேன். அடக்கமான பிள்ளை என்று பாராட்டி மைக்கை வேம்படிக்குக் கொண்டுவந்து தந்தார்கள். தீபாவளி சொன்னேன், தைப்பூசம் சொன்னேன், எங்கள் மூன்று நிரல் கொப்பியைப் பற்றிச் சொன்னேன். வன்னி மரத்துக்கு வந்தேன். "பிணம் நாறுது எண்டு சொன்னவைக்குத் தெரியும், உள்ளை பிணம் இல்லையெண்டு," என்றேன், எழுதிவைத்த பேச்சை விட்டுவிட்டு, ஊர்ப் பேச்சிலேயே. தாளை விரித்துப் பிடித்தேன். "ரெண்டு வருசத்துக்கு முதல் இஞ்சை கருவாடு கொண்டு வந்தது நான். இது என்ரை தாள். அவள் செய்யேல்லை. இது தலைவருக்கும் என்ரை..."

மைக் நின்றது. அடுத்த நொடி தவில் தொடங்கியது. நான் கத்தினேன். முன் வரிசைக்குக் கேட்டிருக்கும். ஆனால் ஒரு முகத்திலாவது திடுக்கிடல் இல்லையடி. அங்கே நீலச் சேலை கட்டிய மாமி ஒருவர் பக்கத்து மாமியிடம் சலித்துக்கொண்டது, தவிலுக்கும் மேலால் எனக்குக் கேட்டது: "உதை இப்ப ஏன் கிண்டுறாள்?"

எல்லாருக்கும் தெரியும். இரண்டு வருடமாக நான் ஒரு பெரிய இரகசியத்தைச் சுமப்பதாக நினைத்து நித்திரை இல்லாமல் கிடந்திருக்கிறேன். அது இரகசியமே இல்லை. அம்மன் குதிரையில் வந்து வாழையை வெட்டினா. அரோகரா என்றார்கள். நான் தாளை மடித்துக்கொண்டு உன் வீட்டுக்கு நடந்தேன்.

உன் அம்மா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார். "வாங்கோ பிள்ளை, இருங்கோ," என்று கதிரையைத் துடைத்தார். "ஒரு நிமிசம் பொறுங்கோ, கடைக்குப் போட்டு வாறன்."

"சோடா வேண்டாம் அம்மா. தேத்தண்ணி தாங்கோ. உங்கடை கோப்பையிலை."

அவர் விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினார். பிறகு உள்ளே போய்ப் போட்டுக்கொண்டு வந்தார். கோப்பையின் கைபிடி உடைந்து ஒட்டியிருந்தது. நான் குடித்தேன். குடித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கருவாடு, தாள், தலைவர், அப்பா, மைக்.  முடிந்ததும் கோப்பையை என் கையில் இருந்து வாங்கினார்.

"அவள் அண்டைக்கே சொன்னவள்," என்றார். "அவர் கோவத்திலை உங்கடை வீட்டை போகப் போறனெண்டு சேட்டு மாட்டிக்கொண்டு வெளிக்கிட்டவர். இவள்தான் படலையிலை நிண்டு மறிச்சவள். 'நீங்கள் போகாதேங்கோ அப்பா. அவளே வந்து சொல்லுவாள்' எண்டு."

நான் நிலத்தைப் பார்த்தேன்.

"ஆஸ்பத்திரியிலையும் கேட்டவள், நீ வந்தனியோவெண்டு." உன் அம்மா என்னை நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. "பிந்தி வந்திருக்கிறாய், பிள்ளை."

அம்மா சாப்பிடக் கூப்பிடுகிறார். இரண்டாம் தரம். அப்பா கதவடிக்கு வந்து நின்றுவிட்டுப் போனார். ஏதோ சொல்ல வந்திருப்பார், சொல்லவில்லை. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அது நன்றாக வரும்.

கொப்பியை எடுத்தேன். மானம்பூ வரியில் நீ எனக்கு விட்ட இடம் இன்னும் வெறுமையாகத்தான் இருந்தது. இன்றைக்கு எழுதினேன்: "நீ. வேம்பின் கீழ். வசனம் எல்லாம் உன்னுடையது." அந்த எண்ணெய்த் தாளையும் அந்தப் பக்கத்தில் ஒட்டினேன். கொப்பி முழுவதும் இனி மணக்கும். மணக்கட்டும்.

மற்றதெல்லாம் அவர்களுடைய அழுக்கு, அதற்கு முகம் சுளிக்க எனக்குத் தெரியும். என்னோடு இருப்பது அந்த இரண்டு மாதம். திங்கட்கிழமையில் இருந்து அந்த வியாழக்கிழமை வரை நீ தினமும் ஓடாத மின்விசிறியின் கீழ் என் பக்கத்தில் இருந்தாய். நாடகத்தைப் பற்றிப் பேசாமல், கொப்பியில் எதையோ கீறிக்கொண்டு, அவ்வப்போது தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாய். உனக்குப் பென்சில் வேண்டுமாக்கும் என்று நான் ஒவ்வொரு முறையும் பென்சிலை நீட்டினேன்.